இல்லாத வாசலைத் திறந்தவர்

வோல்சான் கோட்டைக்குக் கிழக்கு வாசல் கிடையாது. தெற்கே ஒன்று, மேற்கே ஒன்று, அவ்வளவுதான். கிழக்கே செங்குத்துப் பாறை. பாறைக்குக் கீழே ஆறு. அந்தப் பக்கம் ஒருவன் வாசல் வைக்கிறான் என்றால் ஒன்று அவனுக்குக் கிறுக்குப் பிடித்திருக்க வேண்டும், இல்லை எங்கள் மாவட்ட அலுவலகத்தில் வேலை பார்க்க வேண்டும்.

நான் அந்த அலுவலகத்துக்கு எதிரே முப்பத்தொரு வருடமாக லாண்டரி வைத்திருக்கிறேன். அதிகாரிகளின் மூளையைப் பற்றி எனக்குத் தெரியாது, பேன்ட்டைப் பற்றித் தெரியும். எல்லாம் உட்காரும் இடத்தில் மட்டும் பளபளவென்று தேய்ந்து வரும். முழங்கால் பக்கம் மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். அவர்களைப் புரிந்துகொள்ள இவ்வளவு போதும்.

என் பக்கத்துக் கடை பாங் மான்சிக்குடையது. பன்றி எலும்பை விடிய விடிய வேகவைத்து, அந்தச் சாற்றில் சோற்றைப் போட்டு, மேலே வெங்காயத்தாள் தூவித் தரும் குக்பாப் கடை. கூட ஒரு கிண்ணம், காரம் போட்டுப் புளிக்கவைத்த முள்ளங்கிக் கிம்ச்சி. இருபத்தேழு வருடமாக அவனும் அவன் மனைவி மியோங்ஜாவும் தவிர அந்தக் கடையில் வேறு ஆள் இல்லை. மான்சிக் வாயில்லாப் பூச்சி. சோற்றில் கல் கிடந்தது என்று ஒருவன் பொய் சொன்னாலும் 'கல்லு பெருசா இருந்துச்சா, பல்லு வலிக்குதா' என்று கேட்கிற ரகம்.

2009இல் மாவட்டச் சுற்றுலாப் பிரிவு 'வீரர் வீதி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நான்கு பேர் வந்து மான்சிக்கின் கடையை அளந்தார்கள். நானூறு வருடத்துக்கு முன்னால் ஜப்பான்காரர்கள் படையெடுத்து வந்தபோது எங்கள் கோட்டையைக் காத்து மாண்டவர் தளபதி பாங் உந்தே. வோல்சான் பாங் வம்சத்தில் மான்சிக் அவருக்குப் பதினான்காம் தலைமுறை. ஆகவே 'மான்சிக் குக்பாப்' என்ற பழைய பலகையைக் கழற்றிவிட்டு 'தளபதி பாங் குக்பாப்' என்று புதுசாக மாட்டினார்கள். அதில் தளபதி ஒரு கையில் வாளும் மறுகையில் சூப் கிண்ணமும் வைத்துக்கொண்டு நிற்பார்.

"சார், எனக்கு அவரப் பத்தி ஒண்ணுமே தெரியாதே," என்றான் மான்சிக்.

"உங்களுக்குத் தெரியணும்னு அவசியமில்ல முதலாளி. போர்டுக்குத் தெரிஞ்சா போதும்," என்றார் வந்த அதிகாரி.

பதினைந்து வருடம் ஒரு வம்பும் இல்லை. போன வசந்த காலத்தில் மெங் சான்ஹோ என்ற பையன் தன் 'மூணு நிமிஷ வரலாறு' சேனலில் ஒரு வீடியோ போட்டான். வோல்சான் கோட்டை ஏன் ஒரே இரவில் விழுந்தது? ஏனென்றால் தளபதி பாங் உந்தே பட்டுத்துணிக்கு ஆசைப்பட்டு, தன் கையாலேயே கிழக்கு வாசலின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார். 'இதைப் பள்ளிக்கூடத்தில் உங்களுக்குச் சொல்லித்தர மாட்டார்கள்.' இது உண்மைதான், எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தர முடியாது. கணினி வரைந்து கொடுத்த படமும் இருந்தது. அதில் தாழ்ப்பாளைப் பிடித்திருந்த தளபதியின் கைக்கு ஆறு விரல்.

பத்து நாளில் இருபத்து மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். கோட்டை முன்னால் இருந்த தளபதி சிலை மீது முட்டை விழுந்தது. அடுத்தது மான்சிக்கின் கடை. வீட்டுக்குச் சாப்பாடு வரவழைக்கும் செயலியில் ஒற்றை நட்சத்திரமாகக் குவிந்தது. 'சூப்பில் துரோகத்தின் வாடை. கிம்ச்சி பரவாயில்லை' என்று எழுதியவர் தலைநகர் சியோலைத் தாண்டி வந்ததே இல்லை. வந்த ஒன்றிரண்டு பேரும் மான்சிக் கிண்ணத்தை வைக்கும்போது அவன் விரலை எண்ணினார்கள். ஐந்துதான் என்று தெரிந்ததும் சிலர் ஏமாந்தே போனார்கள்.

இரண்டு கொப்பரை கொதித்த கடையில் ஒன்று அணைந்தது. மற்றதும் பாதிதான் நிரம்பியது. ஒருநாள் சாயங்காலம் மியோங்ஜா என் கடைக்குள் வந்து மேசை துடைக்கும் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"அறுவடைத் திருநாள் வரைக்கும் பாப்போம்ணே. அப்பவும் இப்படியே இருந்தா அடுப்ப அணைச்சுட்டு என் தங்கச்சி ஊருக்குப் போயிடறோம். இவரு அங்க போயி என்ன பண்ணுவாருன்னுதான் தெரியல. கொப்பரை இல்லாம இவருக்கு நிக்கக்கூடத் தெரியாது."

மறுநாள் மான்சிக்கின் பேரில் இணையத்தில் ஒரு மனுவும் போட்டுவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு எதிர்க்கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குப் போனேன். அங்கேதான் 'சரியான வரலாறு பரப்புப் பிரிவு' இருக்கிறது. இணையத்தில் பரவும் பொய் வரலாற்றைக் கண்டுபிடித்துத் திருத்துவது அவர்கள் வேலை. 'பொய் வரலாற்றை ஒருபோதும் பொறுக்க மாட்டோம்' என்று வாசலில் துணிப்பதாகை கட்டியிருந்தது. பிரிவுத் தலைவர் சோ கிஹ்வான் எழுந்து நின்று வரவேற்று, இஞ்சி டீ கொடுத்து, இரண்டு கையாலும் தன் பெயர் அட்டையை நீட்டினார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. மரியாதை மட்டும்தான் இருந்தது.

"சார், கோட்டைக்குக் கிழக்கு வாசல் இருக்கா?" என்று கேட்டான் மான்சிக்.

"இல்லையே."

"எப்பவாவது இருந்துச்சா?"

"இருந்ததா ஒரு பதிவும் இல்ல. அது பாறைல்ல?"

மான்சிக்கின் முகம் மலர்ந்தது. "அப்ப அத ஒரே ஒரு வரி பேப்பர்ல எழுதி, மாவட்ட முத்திரை குத்திக் குடுங்க சார். கடைக் கதவுல ஒட்டிக்கறேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"ஐயோ, அது முடியாதே முதலாளி."

"ஏன் சார்? இப்பத்தான் இல்லன்னு சொன்னீங்க."

"சொல்லலாம். எழுத முடியாது. இருக்கறதுக்குச் சான்றிதழ் குடுக்கப் படிவம் இருக்கு. இல்லாததுக்குப் படிவம் இல்ல. கோட்டைல யானை இல்லன்னு நாளைக்கு ஒருத்தர் வந்து கேட்டா? டிராகன் இல்லன்னு கேட்டா?"

"அந்த வீடியோ பொய்னாவது சொல்லுங்களேன்," என்றேன் நான்.

சோ கிஹ்வான் தன் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மக்கள் மனுத் தளம். எங்கள் நாட்டில் எவன் எந்த ராத்திரியில் எந்த மனுவைப் போட்டாலும் ஏழு வேலைநாளில் அலுவலகம் அதை முடித்துவைத்தாக வேண்டும். முடித்ததும் மனு போட்டவர் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று போடுவார். மாசக் கடைசியில் நட்சத்திரத்தைக் கூட்டிப் பார்த்துத்தான் பதவி உயர்வு.

"இங்க பாருங்க. 'கிழக்கு வாசலைப் பார்க்க நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தேன். வாசலைக் காணோம். மாவட்டம் எதை மறைக்கிறது?' இப்படி நானூத்திப் பன்னெண்டு மனு. 'தளபதிக்கு ஆறு விரல் இருந்ததை ஏன் சிலையில் மறைத்தீர்கள்?' இது முப்பத்தெட்டு. வாசலே கெடையாது, வீடியோ பொய்யின்னு வந்தது ஒண்ணே ஒண்ணு. அது உங்களோடது."

"என்னோடதுதானே சார் உண்மை?"

"உண்மை ஒண்ணுதான் முதலாளி, நான் மறுக்கவே இல்ல. ஆனா மனு நானூத்தம்பது."

அவர் குரலில் துளி எகத்தாளம் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். திருடன் கூடத் திருடும்போது அக்கம்பக்கம் பார்ப்பான், இவர்களுக்கு அதுவும் கிடையாது.

ஏழாம் நாள் மான்சிக்கின் போனுக்குச் செய்தி வந்தது. 'தங்கள் மனு மேற்படி நபருக்கு விளக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது. சேவை எப்படி இருந்தது?' மேற்படி நபர் அவனேதான். பயத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு என்னிடம் வந்து நின்றான்.

"ஒண்ணு போட்டிருக்கலாம்லடா?"

"நாளைக்கு அவங்ககிட்டதானண்ணே போயி நிக்கணும்," என்றான்.

நானூற்றைம்பது மனுவையும் முடிக்க வேண்டுமே. முதலில் பாறை ஓரத்தில் ஒரு பலகை நட்டார்கள். 'கிழக்கு வாசல் இருந்த இடம்' என்று பெரிதாக, அதற்குக் கீழே 'என்று சிலர் கருதுகிறார்கள்' என்று எறும்பு அளவில். அடுத்த வாரம் யாரோ அந்த எறும்பு எழுத்து மீது 'புகைப்படம் எடுக்க ஏற்ற இடம்' என்ற ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, அதே பிரிவுதான். ஆனாலும் வந்தவர்களுக்குப் பலகை போதவில்லை, வாசல் எங்கே என்று மறுபடி மனு போட்டார்கள்.

அப்புறம் மாவட்ட அரங்கில் அறிஞர் கூட்டம் கூட்டினார்கள். பொதுமக்களும் உட்காரலாம் என்று அறிவித்ததால் நானும் மான்சிக்கும் போய் உட்கார்ந்தோம். மேடையில் ஏழு பேர், ஏழு பேர் முன்னாலும் பெயர்ப்பலகை, தண்ணீர் பாட்டில், பட்டுச் சுருக்குப்பையில் ஒரு அரிசிப் பணியாரம். தலைமை தாங்கியவர் பேராசிரியர் யோம். கனத்த குரல், அதைத் தானே ரசித்துக் கேட்கிற காது.

"மூணு இடத்துல தோண்டிப் பாத்தோம்," என்றார் அவர். "அஸ்திவாரம் கெடைக்கல. கல்லு கெடைக்கல. ஓட்டுத்துண்டு ஒண்ணு கூடக் கெடைக்கல. அரச ஏடுகள்லயும் ஒரு வரி கெடைக்கல. நீங்களே யோசிச்சுப் பாருங்க. ஒரு வாசல இவ்வளவு சுத்தமா அழிச்சிருக்காங்கன்னா, அங்க நடந்த துரோகம் எவ்வளவு பெருசா இருந்திருக்கணும்?"

அரங்கம் கைதட்டியது. மான்சிக் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். யாரோ மைக்கை நீட்டினார்கள்.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க. அங்க வெறும் பாறைதானே இருக்கு? படை எப்படி ஏறி வரும்?"

"நல்ல கேள்வி," என்றார் பேராசிரியர். "ஏற முடியாத எடம். அதனாலதானே அவங்களுக்கு ஒரு துரோகி தேவைப்பட்டான்?"

மறுபடி கைதட்டல். குறிப்பெடுத்த பெண் எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன். 'பாறை இருப்பதை வாரிசே ஒப்புக்கொண்டார்' என்று எழுதியிருந்தாள். கூட்டத்தின் முடிவு, மக்களின் வரலாற்று ஏக்கத்தைத் தீர்க்கும் வகையில் கிழக்கு வாசலை 'மீட்டெடுப்பது'. கான்கிரீட்டில் கட்டி மரம் மாதிரி வண்ணம் பூசுவார்கள். அறுவடைத் திருநாளுக்கு முன்னால் திறப்பு விழா. இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்தபோது எனக்குக் காறித் துப்பலாம் போல இருந்தது. அரங்க வாசலில் துப்பினால் அபராதம் என்று எழுதியிருந்ததால் விழுங்கிக்கொண்டேன்.

அன்றைக்கு மான்சிக் கடையில் இரண்டு கிண்ணம் மக்கொலி அரிசிக் கள் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். அவன் தன் கிண்ணத்தை ஒரே மூச்சில் காலி செய்தான். பிறகு சொன்னான்.

"அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நான் அந்த வம்சமே கெடையாது."

"என்னடா சொல்ற?"

"எங்க கொள்ளுத்தாத்தா மாடு வெட்டுறவரு. அந்தக் காலத்துல மாடு வெட்டுறவன ஊருக்குள்ள விடமாட்டாங்களே. ரெண்டு மாட்டக் குடுத்து வோல்சான் பாங் வம்சப் புஸ்தகத்துல பேரு போட்டுக்கிட்டாராம். அப்பா போதையில ஒருநாள் சொல்லிட்டாரு. மறுநாள் காலைல அப்படி ஒண்ணும் சொல்லலன்னுட்டாரு. நான் அத வெளிய சொல்லிட்டா? மாடு வெட்டுனவன் பேரன்னு சொன்னா யாரும் ஒத்த நட்சத்திரம் போட மாட்டாங்கல்ல?"

ஐம்பத்தெட்டு வயது மனுஷன் பெரும் ரகசியத்தைக் கக்கிய பையன் மாதிரி என் முகத்தைப் பார்த்தான். தன் வம்சமே இல்லாத ஒருவர் செய்யாத துரோகத்துக்காக இவன் கொப்பரை அணைகிறதே என்று வந்த கோபத்தில், விடிந்ததும் வம்சச் சங்கத் தலைவரிடம் கூட்டிப் போனேன்.

சங்கத் தலைவர் பாங் ஹோரியோங்குக்கு எழுபத்தொன்பது வயது. முன்பு பஸ் கம்பெனி வைத்திருந்தவர். தளபதியின் சிலையை எழுப்பியது அவர்தான். தளபதி எப்படி இருப்பார் என்று யாருக்கும் தெரியாததால், செலவு செய்தவர் முகத்தையே சிற்பி வார்த்துவிட்டான். அதனால் மூன்று மாதமாக முட்டை விழுவது தலைவரின் மூஞ்சியில்தான். அந்த எரிச்சல் அவர் முகத்தில் தெரிந்தது.

மான்சிக் மாட்டுக்கதையைச் சொல்லி முடித்து, 'நான் வாரிசு இல்லன்னு சங்கம் ஒரு கடிதம் குடுத்தா போதும்' என்றான்.

"உனக்கு மூளை இருக்கா?" என்றார் தலைவர். "நீ ஒருத்தன்தான் வாங்கினேன்னு நெனச்சியா? அந்தப் புஸ்தகத்துல வாங்காதவன் யாருன்னு தேடுனா எவனும் தேறமாட்டான். நீ ரெண்டு மாடு குடுத்த குடும்பம். எங்க பெரியவரு என்ன குடுத்தாருன்னு நான் இதுவரைக்கும் விசாரிச்சதில்ல, இனிமேலும் விசாரிக்கப் போறதில்ல. போ, போயி சூப்பக் கிண்டு."

"அப்ப தளபதியாவது நெசமா இருந்தாருங்களா?"

தலைவர் ஜன்னல் வழியாகத் தன் முகத்தோடு நிற்கும் சிலையைப் பார்த்தார். "சிலை இருக்குல்ல," என்றார்.

மிச்சம் இருந்தது மூன்றாவது மாடிதான். சோ கிஹ்வான் பொறுமையாகக் கேட்டார், இஞ்சி டீ கொடுத்தார்.

"முதலாளி, யோசிச்சுப் பேசுங்க. நீங்க வாரிசு இல்லன்னா 2009லேருந்து தளபதி பாங் பேரப் போட்டு ஜனங்கள ஏமாத்திக் குக்பாப் வித்திருக்கீங்க. பொய் விளம்பரம். அது ரெண்டாவது மாடி, உணவுப் பிரிவு. கடைய அவங்களே மூடிடுவாங்க."

"சார், அந்தப் போர்ட மாட்டினது நீங்கதானே?"

"மாட்டினது சுற்றுலாப் பிரிவு. நாங்க வரலாறு."

"அப்ப நான் என்னதான் சார் பண்றது?" என்றான் மான்சிக். அவன் அதைக் கேட்ட விதத்தைக் கேட்டிருந்தால் கல்லும் ஏதாவது சொல்லியிருக்கும். சோ கிஹ்வானும் சொன்னார், நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு.

"துரோகியோட வாரிசுன்னா எல்லாம் போச்சுன்னு யாரு சொன்னா? மன்னிப்புக் கேட்ட வாரிசுன்னு வெச்சுக்கோங்க. திறப்பு விழாவுல நீங்க மேடை ஏறுறீங்க. முன்னோர் தெறந்த வாசல உங்க கையால சாத்துறீங்க. குனிஞ்சு கும்பிட்டு மன்னிப்புக் கேக்குறீங்க. நாங்க உங்க கடைக்கு 'மனசாட்சியுள்ள வாரிசு உணவகம்'னு பித்தளைத் தகடு தர்றோம். முத்திரையோட. இதுக்குப் படிவம் இருக்கு."

உண்மைக்கு ஒரு வரி எழுத முடியாத கைதான், பொய்க்குப் பித்தளையில் பொறித்துத் தருகிறேன் என்றது. நான் எழுந்து வந்துவிட்டேன். மான்சிக் வரவில்லை.

அன்றைக்கு அவன் மேல் எனக்குக் கடுங்கோபம். "ஏன்டா, செய்யாத தப்புக்கு, இல்லாத தாத்தாவுக்கு, இல்லாத வாசலுக்கு மன்னிப்பா? உனக்குச் சூடு சொரணை கெடையாதா?" என்று கத்தினேன்.

அவன் முள்ளங்கி நறுக்குவதை நிறுத்தவில்லை. "நீங்க சொல்றது சரிதாண்ணே. ஆனா மியோங்ஜா நேத்து கொப்பரைக்கு வெல கேட்டு வந்தவன்கிட்ட பேசிக்கிட்டிருந்தா," என்றான்.

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை. நாற்பது நிமிடம் ஒரே தகராறு. எத்தனை முறை மண்டியிட்டு வணங்குவது என்பதில்தான். உயிரோடு இருப்பவருக்கு ஒரு முறை, செத்தவருக்கு இரண்டு முறை, இது எங்கள் வழக்கம். கோட்டையில் மாண்டவர்கள் செத்தவர்கள், ஆகவே இரண்டு. ஆனால் மனு போட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்று. அப்படியானால் மொத்தம் மூன்றா, அல்லது செத்தவர் பக்கம் திரும்பி இரண்டு, கார் நிறுத்துமிடம் பக்கம் திரும்பி ஒன்றா? மூன்று பிரிவு அதிகாரிகள் மூன்று சட்டப்புத்தகம் கொண்டுவந்தார்கள். வாசல் இருந்ததா என்று ஒருவனும் ஒரு புத்தகமும் கொண்டுவந்ததில்லை. கடைசியில் மூன்று என்று முடிவாகி, மூன்று பிரிவும் முத்திரை குத்தியது.

விழா அன்று ரிப்பன் வெட்டுவதற்கு வெள்ளைக் கையுறை பதினான்கு ஜோடி என் கடையில்தான் வெளுத்தது. வாசல் என்னவோ அழகாகத்தான் இருந்தது. கூரை ஓடு, வண்ணம் பூசிய உத்தரம், இரண்டு ஆள் உயரக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் போய் விழாதிருக்க இரும்புக் கம்பி வேலி. மெங் சான்ஹோ தோளில் பட்டுப்பட்டை போட்டுக்கொண்டு மேடையில் நின்றான். மாவட்டத்தின் 'கௌரவ வரலாற்றுத் தூதர்' என்று அதில் நெய்திருந்தது. நல்ல பையன், கன்னம் சிவக்கச் சிரிக்கிறான். விழா தொடங்குவதற்கு முன்னால் மான்சிக்கிடம் ஓடிவந்து இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சார், உங்களப் பாக்கணும்னு எவ்வளவு நாளா ஆச தெரியுமா? ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

"தம்பி, ஒண்ணு கேக்கலாமா?" என்றான் மான்சிக். "இந்தக் கிழக்கு வாசல் விஷயம் உனக்கு எங்க கெடைச்சுது?"

"பெரிய கோட்டைன்னா கெழக்குப் பக்கம் ஒரு வாசல் இருக்குமே சார். அப்படித்தானே எல்லாத்துலயும் வரும்."

"இங்க வந்து பாத்தியா?"

"இப்பத்தான் சார் மொத தடவ வர்றேன்." அவன் நிமிர்ந்து வாசலைப் பார்த்தான். கண்ணில் பெருமிதம். "நான் சொன்ன மாதிரியே இருக்குல்ல?"

மாவட்டத் தலைவர் மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த வோல்சான் மக்களே, பொய் வரலாறு காட்டுத்தீயாகப் பரவும் காலம் இது. எது உண்மை, எது பொய் என்று மக்கள் தவிக்கிறார்கள். அந்தத் தவிப்பை இந்த நிர்வாகம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய, கையால் தொடக்கூடிய, பக்கத்திலேயே இருநூறு கார் நிறுத்தக்கூடிய வரலாற்றை நாங்கள் கட்டி முடித்திருக்கிறோம். இனி எவனாவது கிழக்கு வாசல் இல்லை என்று சொன்னால், இங்கே வந்து தலையை முட்டிப் பார்க்கட்டும்." பெரிய கைதட்டல். சோ கிஹ்வான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மான்சிக்குக் கறுப்புக் கோட்டு என் கடையில் தேய்த்தது. கையில் அவர்கள் எழுதிக் கொடுத்த தாள். "என் முன்னோர் பாங் உந்தே..." என்று தொடங்கினான். மூன்றாவது வரியில் நின்றுவிட்டான். தாளிலிருந்து கண்ணைத் தூக்கி வாசலுக்கு அப்பால் ஆற்றைப் பார்த்தான். சொல்லிவிடுடா, ஒரே ஒரு வரிதான், சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கத்தினேன். அவன் வாய் அசைந்ததையும் பார்த்தேன். அப்புறம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மியோங்ஜாவைப் பார்த்தான், மறுபடி தாளுக்குக் குனிந்தான், நான்காவது வரியைப் படித்தான்.

அந்த ஒரு நிமிட மௌனத்தில்தான் பாதிப் பேர் அழுதார்கள். வெட்கத்தில் பேச முடியாமல் தவித்தாராம். மறுநாள் அந்த மௌனத்தை மட்டும் வெட்டி எடுத்து லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அவன் மூன்று முறை மண்டியிட்டான். எழுந்து கதவைச் சாத்தினான். பித்தளைத் தகட்டை வாங்கிக்கொண்டான்.

திருநாளுக்கு மறுநாளே கடையில் வரிசை. இரண்டு கொப்பரை போதாமல் மூன்றாவது வாங்கினார்கள். நட்சத்திரமெல்லாம் ஐந்து. 'மன்னிப்பின் சுவை, கண்ணீரோடு சாப்பிட்டேன், முள்ளங்கி கொஞ்சம் புளிப்பு.' மியோங்ஜா சிரித்ததைப் பல மாதம் கழித்துப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு மான்சிக் மேல் எனக்கிருந்த கோபம் பாதி போய்விட்டது. மறுபாதியை மூன்றாவது மாடி மேல் ஏற்றிவிட்டேன்.

மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம் நானும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தேகு நகரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்து மேசையில். அந்த வீட்டு அப்பா கரண்டியை வைத்துவிட்டு, பயபக்தியோடு கேட்டார்.

"முதலாளி, கேக்கக் கூடாதுதான். உங்க பெரியவரு அந்தத் தாழ்ப்பாள எந்தக் கையால தெறந்தாரு?"

எல்லாப் போனும் மேலே எழுந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் அடித்திருக்க மாட்டார்கள். மான்சிக் அகப்பையோடு நின்று கொஞ்சம் யோசித்தான். வந்தவர் நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறார், பாவம், வெறுங்கையோடு அனுப்புவதா என்று நினைத்திருப்பான், அவன் சுபாவம் அப்படி.

"இடது கை," என்றான். "எங்க வம்சமே இடது கைக்காரங்கதான்."

மேசை மேசையாக 'ஆ' என்று ஒரு பெருமூச்சு போனது. நான் பாதிக் கிண்ணத்தை அப்படியே விட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை சோ கிஹ்வானே நேரில் வந்தார், படிவத்தோடு. 'வாரிசின் வாய்மொழிச் சான்று.' மான்சிக் கையெழுத்துப் போட்டான், அவர் முத்திரை குத்தினார். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மை காயும்வரை ஊதினார்.

"நானூறு வருஷமா இதுக்கு ஒரு ஆதாரம் கெடைக்கல," என்றார் என்னிடம், தழுதழுத்த குரலில். "இன்னிக்குக் கெடைச்சிருச்சு."

அன்று மத்தியானம் வரிசை என் கடை வாசல் வரைக்கும் வந்துவிட்டது. நான் பின்பக்கமாகப் போய் அடுக்களை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மூன்று கொப்பரையும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தன. இருபத்தேழு வருடமாக வலது கையால் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றியவன், அகப்பையை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றான். பாதி கிண்ணத்தில் விழுந்தது, பாதி மேடையில். மணிக்கட்டில் தோல் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. மியோங்ஜா சிந்தியதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வலது கைக்கு என்னடா வந்துச்சு?" என்றேன்.

மான்சிக் திரும்பவில்லை. கூடத்தில் நீட்டிக்கொண்டிருந்த போன்களை ஒருமுறை பார்த்தான்.

"பாத்துக்கிட்டிருக்காங்கண்ணே," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அகப்பையை அதே கையால் மறுபடி கொப்பரைக்குள் விட்டான்.